சிவப்பு மைனஸ்

கையில் டெஸ்டரோடு ஒரு பெண் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் வாசல் காவலாளி கேட்கும் முதல் கேள்வி, "எலக்ட்ரீஷியன் எங்கேம்மா?" என்பதுதான். "பின்னாடி வந்துக்கிட்டிருக்காரு, அதுவரைக்கும் நான் கம்பியை மாட்டி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவது என் வழக்கம். வேலை முடிந்து வெளியே வரும்போது, "இன்னுமா வரலை அவரு?" என்று நானே அவரிடம் கேட்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேருக்கு அடுத்த முறைதான் புரியும்.

அந்த வார்னிஷ் தொழிற்சாலையின் காவலாளி அன்று எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்று கதவைத் திறந்தார்.

அது துக்க வீடேதான். போன மாதம் அங்கே வார்னிஷ் காய்ச்சும் கலன் பொங்கித் தீப்பிடித்தது. கலனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் அதில் போய்ச் சேர்ந்தார். அவரை நாங்கள் வார்னிஷ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை அவரை விட்டுப் போகாது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிடலாம் என்று அவர் மனைவி கேலி செய்வார். அவர் எங்களுக்கு அண்ணி. ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. நானும் தம்பியும் இந்தத் தொழிலைத் தொடங்கி, வேலை கிடைக்காமல் அலைந்த நாளில் முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். அந்தச் சொந்தம் போதும்.

தீ பிடித்தது சாப்பாட்டு நேரத்தில். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். பேக்கிங் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிடக்கும். கலன் காயும் நேரத்தில் ஆபரேட்டர்கள் அதில் கொஞ்சம் கண்ணயர்வது உண்டு. அண்ணனின் துண்டு அந்தப் பெஞ்சில் கிடந்தது. அவ்வளவுதான், கதை எழுதி முடித்துவிட்டார்கள். ஆள் அசந்து தூங்கிவிட்டார், புகை வாடையில் பதறி எழுந்து உள்ளே ஓடியிருக்கிறார், அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. விசாரணை அதோடு முடிந்தது.

"அவரு தூங்கலை" என்று அண்ணி எல்லாரிடமும் சண்டை போட்டார். மேனேஜரிடம், விசாரிக்க வந்தவர்களிடம், தெருவில் ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம்கூட. "துண்டு தினமும் அங்கதான் காயும். அவரு வேலை நேரத்துல கண்ணை மூடுற ஆளு இல்லை." யாரும் மறுத்துப் பேசவில்லை. பாவம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மறுத்துப் பேசியிருந்தால்கூட அண்ணிக்கு அத்தனை வலித்திருக்காது.

என் தம்பி அந்த நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாவுக்குக்கூட வரவில்லை. அண்ணன் போன துக்கம் என்று நினைத்தேன். அந்தக் கலனுக்குக் கண்ட்ரோலர் பொருத்தி வயரிங் செய்தவன் அவன். அதனால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "உன்னை யாருடா குத்தம் சொன்னா?" என்று கேட்டால் சுவரைப் பார்ப்பான். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோபமும் வந்தது. எனக்குத் தாங்க முடியாதது எல்லாம் முதலில் கோபமாகத்தான் வரும்.

கலனைச் சரி செய்துவிட்டோம், புதுக் கண்ட்ரோலர் போட வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கிளம்பும்போது தம்பி வாசல் வரைக்கும் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு என் பையிலிருந்த ஸ்குரூ டிரைவர்களைச் சரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

கூரையில் கரி இன்னும் போகவில்லை. சுவருக்கு மட்டும் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். மேனேஜர் என்னோடு கலன் வரைக்கும் வந்தார். நல்ல மனிதர், அண்ணன் பேச்சு வரும் இடத்தில் எல்லாம் செருமிக்கொள்வார்.

"பேனல் பெட்டி தப்பிச்சிருச்சு. உள்ளே இருந்த கண்ட்ரோலர்தான் போச்சு. பழைய கேபிள் அப்படியே இருக்கட்டுமா?"

"கரி பிடிச்ச கேபிளை நம்பி இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவீங்களா சார்?"

அவர் செருமினார். "மாத்திடுங்க. என்ன வேணுமோ கேளுங்க."

கண்ட்ரோலர் என்பது உள்ளங்கை அகலப் பெட்டிதான். கலனுக்குள் தொங்கும் சென்சார் சொல்லும் சூட்டைக் கேட்டு, குறைவாக இருந்தால் பர்னரை எரியவிடும். போதும் என்றால் நிறுத்தும். அதற்குத் தானாக எதுவும் தெரியாது. கம்பி வழியாக என்ன வருகிறதோ அதுதான் அதற்கு உண்மை. முகப்பில் ஒரு எண் ஒளிரும். ஆபரேட்டர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பேனல் கதவைத் திறந்தேன். தம்பி கட்டிய பேனலை எந்தக் கூட்டத்தில் நிறுத்தினாலும் எனக்குத் தெரியும். வகிடெடுத்து வாரிய தலைபோல இருக்கும். கம்பிகளில் கோத்த எண் வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் கீழே ஒரு சின்னச் சுருள் மிச்சம் விட்டிருப்பான். அடுத்து வருகிறவன் வெட்டி மாட்ட வேண்டியிருந்தால் கம்பி எட்டாமல் திண்டாடக் கூடாது என்பதற்காக. "அடுத்து வர்றவன் உனக்கு என்ன மாமனா மச்சானா, இவ்வளவு சீதனம் வைக்கிறே?" என்று கிண்டல் செய்வேன். அடுத்து வந்தவள் நான்தான்.

கண்ட்ரோலரைக் கழற்றினேன். முகப்பு உருகியிருந்தது, பின்பக்க முனைகள் அப்படியே இருந்தன. சென்சார் கம்பி இரண்டு. சிவப்பு பிளஸில் இருந்தது, இன்னொன்று மைனஸில். சரி என்று நானே தலையாட்டினேன். விசாரிக்க வந்தவர்களும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள். சிவப்பு என்றால் பிளஸ். எங்கள் கைக்கு அது மூச்சு விடுவதுபோல.

கம்பியை இழுத்து வெளியே எடுக்கும்போதுதான் மேல் உறையைத் துடைத்தேன். கரிக்கு அடியில் மஞ்சள். இன்னொரு கம்பியும் மஞ்சள். நாங்கள் வாங்கும் கேபிள் அப்படி இருக்காது. கை நின்றுவிட்டது.

வெப்பத்தை அளக்கும் இந்தக் கம்பி சாதாரணச் செம்புக் கம்பி இல்லை. சென்சாருக்கு எந்த உலோகமோ அதே உலோகத்தில் வரும், இரண்டும் வேறு வேறு உலோகம். அதனால் எது எங்கே போக வேண்டும் என்பதில் விளையாடக் கூடாது. நாட்டுக்கு நாடு வண்ணம் மாறும். நாங்கள் எப்போதும் வாங்குவதில் சிவப்பு பிளஸ். ஆனால் மஞ்சள் உறையோடு வரும் ஒரு வகை உண்டு. அதில் சிவப்புதான் மைனஸ். சந்தேகம் வந்தால் பார்க்க என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். மைனஸ் உலோகம்தான் காந்தத்தில் ஒட்டும்.

சிவப்பு உறையைச் சுரண்டிக் காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மேனேஜரிடம் போய், "தம்பி மாட்டின அன்னைக்குக் கேபிள் எங்கிருந்து வந்துச்சு சார்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "உங்க தம்பிகிட்ட கேபிள் தீர்ந்து போச்சுன்னு நம்ம ஸ்டோர்ல இருந்து குடுத்தோம். வெளிநாட்டு மெஷினோட வந்தது, மிச்சம் கிடந்துச்சு. ஏன்?" என்றார். "சும்மாதான்" என்றேன்.

இன்னொரு முனை கலன் மூடிமேல் சென்சாரின் தலையில் இருக்கிறது. வார்ப்பு இரும்பு மூடி போட்ட குமிழ். தீயில் இறுகிப் போய்க் கையால் திறக்க வரவில்லை. ஸ்பானரை மாட்டி, அதன்மேல் முழு எடையையும் போட்டேன். திறந்தால் உள்ளே கரியே இல்லை. மாட்டிய அன்று இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தது. அங்கேயும் சிவப்பு பிளஸில்தான். கீழே ஒரு சின்னச் சுருள் மிச்சம்.

கலனைச் சுற்றியிருந்த மேடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் அன்றைக்கே தப்பு தெரிந்திருக்கும். சூடு ஏற ஏற எண் இறங்கும், எந்த மடையனுக்கும் தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மாற்றினால் ஒரு தப்பு இன்னொன்றை மறைத்துவிடும். சென்சார் நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தால் எண் கச்சிதமாக வரும். தம்பி அப்படித்தான் சோதிப்பான், நானும் அப்படித்தான். ஆனால் வேலை நடக்கும்போது கலன் மூடி சூடாகும், அதன்மேல் இருக்கும் சென்சார் தலையும் சூடாகும். தலை எவ்வளவுக்கு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு எண் குறைத்துச் சொல்லும். கண்ட்ரோலர் பாவம், இன்னும் காயவில்லை என்று நம்பித் தீயைக் கூட்டும். அபாய மணியும் அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. அன்று காய்ச்சியது புது வகைச் சரக்கு, வழக்கத்தைவிடக் கூடுதல் சூட்டில்.

அண்ணன் ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "புதுப் பெட்டி போட்டதுல இருந்து சரக்கு கொஞ்சம் கருக்குதுப்பா." தம்பி சிரித்தான். "மீட்டர் பொய் சொல்லாதுண்ணே. உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க." அண்ணனும் சிரித்தார். "சரிப்பா, இனிமே அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. என்ன செய்யலாம் என்ற கணக்குதான் ஓடியது. பார்த்தது நான் ஒருத்திதான். இது தெரிந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தெரியாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? போனவர் திரும்பி வரப்போவதில்லை. இரண்டு முனைகளையும் விரல் நீளத்துக்கு வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் விட்டிருந்த மிச்சம் வெட்டுவதற்கு வசதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தார். அவர் அங்கேயே பேக்கிங்கில் டின்களுக்கு லேபிள் ஒட்டுகிறவர். விரல்களில் பசை காய்ந்திருந்தது. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.

"குடி. முகமெல்லாம் கரி" என்றார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "நீ பாத்தா உனக்குத் தெரியும். மத்தவங்க சொல்றதை நான் நம்பலை. நீ சொன்னா நம்புறேன். அவரு தூங்கினாரா?"

"எல்லாம் எரிஞ்சு போச்சு அண்ணி. கம்பியில ஒண்ணும் தெரியலை."

"ஒண்ணுமே தெரியலையா?"

"தெரியலை."

அவர் காலிச் செம்பை வாங்கிக்கொண்டார். "சரி, விடு. நீ என்ன பண்ணுவே" என்று என் தோளில் இருந்த கரியைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு வெறி பிடித்ததுபோல வேலை செய்தேன். புதுக் கேபிளை மின்சாரக் கம்பிகளோடு சேர்க்காமல் தனிக் குழாயில் இழுத்தேன். ஒவ்வொரு முனையையும் காந்தம் வைத்துப் பார்த்து மாட்டினேன். கண்ட்ரோலர் கெட்டாலும் பர்னரைத் தானே நிறுத்த, வேறு சென்சாரும் வேறு கம்பியும் கொண்ட தனி கட்-ஆஃப் ஒன்று வேண்டும் என்றேன். மேனேஜர் ஏன் என்று கேட்கவில்லை. கொதிநீரில் நுனியை வைத்துப் பார்த்தேன். அதோடு விடாமல், சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியைச் சென்சாரின் தலைக்கும் காட்டினேன். எண் அசையவில்லை. இதை அன்றைக்கு ஒருமுறை செய்து பார்த்திருந்தால் போதும். கருவியை அணைத்துப் பையில் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தம்பி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். துலக்கியதையே மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"என்னக்கா, பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தே. சிவப்பு பிளஸ்லதான் இருந்துச்சு. மனசைப் போட்டுக் குழப்பிக்காம வந்து சாப்பிடு."

குழாயை மூடினான். "ரெண்டு முனையும் பாத்தியா?"

"பாத்தேன்டா."

"காந்தம் வச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. என் வாய் சும்மா இருந்த நாள் அவனுக்கு நினைவில் இருக்காது. அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அன்னைக்கு உறை மஞ்சளா இருந்துச்சேன்னு சாவு செய்தி வந்த அப்புறம்தான்க்கா எனக்கு உறைச்சுது. மாட்டும்போது கண்ணுலயே படலை. கண்ணுல பட்டுச்சோ என்னமோ, கை கேக்கலை. ஒருவேளை நான் சரியாப் போட்டிருப்பேன், மஞ்சள்னு மனசு பொய் சொல்லுதுன்னு தினமும் நினைச்சுக்கிட்டே படுப்பேன்." கையை நீட்டினான். "குடு."

"என்னத்தைக் குடுக்க?"

"நீ எதையும் அங்க விட்டுட்டு வரமாட்டே. குடுக்கா."

கொடுத்தேன். இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சிறு வயதில் விழுந்த பல்லைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. அழவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினான். அது கட்டிலுக்கு அடியில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது.

"எங்கடா?"

"அண்ணிகிட்ட. காலையில மேனேஜர்கிட்ட. அப்புறம் எங்க கூப்பிடுறாங்களோ அங்க."

"உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கடா. நான் என்ன பண்ணுவேன்?"

"அவரைத் தூங்கினவர்னு சொல்றாங்கக்கா."

நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். வழி நெடுக அவன் முன்னால் நடந்தான். ஒரு மாதம் வெயில் படாத பின்கழுத்து வெளுத்துப் போயிருந்தது. திரும்பி வந்துவிடு என்று கையைப் பிடித்து இழுக்க எனக்கு ஆசையாக இருந்தது. இழுக்கவில்லை. அதை நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இழுத்தாலும் வரமாட்டான் என்று தெரியும்.

அண்ணி வீட்டில் விளக்கு போட்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அண்ணனின் சட்டைகள் இன்னும் தொங்கின. அறை முழுக்க அந்த வாடை. தம்பி வாசல் தாண்டியதும் அந்த வாடையில் ஒரு நிமிடம் தடுமாறினான். அண்ணி, "இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று கடிந்துகொண்டே பாயை விரித்தார்.

அவன் பாயில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, கம்பித் துண்டுகளை அண்ணி முன்னால் வைத்தான்.

"அவரு தூங்கலை அண்ணி. நான்தான் கம்பியை மாத்திப் போட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைக்காமல், தன் பக்கம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சரக்கு கருக்கிறது என்று அண்ணன் சொன்னதும் தான் சிரித்ததும் உட்பட. அண்ணி ஒரு துண்டை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இவ்வளவுதான் அண்ணி."

"அப்ப அன்னைக்கு மீட்டர் எவ்வளவு காட்டிச்சு?"

"எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் காட்டியிருக்கும்."

"அவரு அதைப் பாத்துக்கிட்டே பக்கத்துல நின்னிருக்காரு."

"ஆமா அண்ணி."

அண்ணி பசை காய்ந்த விரலால் சிவப்பு உறையை நிமிண்டிக்கொண்டே இருந்தார். இத்தனை நாளாக எல்லாரிடமும் மல்லுக்கு நின்றவர், இப்போது ஜெயித்துவிட்டார். முகத்தில் ஒரு நொடி அந்த வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அது மெல்ல மெல்லப் போய்விட்டது. அவர் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப, எல்லாரும் சொன்ன மாதிரி அந்தப் பெஞ்சுல போய்த் தூங்கியிருந்தா, இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு. இல்லையா?"